நஸ்ரினுக்குப் போன முருங்கைக்கீரை

‘ரத்தம் குறைவு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே சாவித்ரியின் மனம் அந்தக் கூட்டத்தை விட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டது.

தலசீமியா என்ற பிறவி ரத்தநோய் உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் ஒரு சங்கம் நடத்திய கூட்டம் அது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டால்தான் அந்தப் பிள்ளைகள் எழுந்து நடமாட முடியும். ஒரு பிள்ளையின் மருந்துச் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிந்தால் ரத்தம் ஏற்றும் நாளில் வந்து கூட உட்காரலாம். சங்கத்தின் ஆலோசகர் ரோஸ்லின், வேலைக்காக ஹைதராபாத் வந்த தூத்துக்குடிப் பெண், திரையில் படம் போட்டு நிதானமாக விளக்கினாள். முக்கியமான விஷயமெல்லாம் ‘ரத்தம் குறைவு’க்குப் பிறகுதான் வந்தது. அப்போது சாவித்ரி மனதுக்குள் எள்ளுருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் ஜகதீசன் ஏ.சி. குளிருக்கு இதமாகத் தூங்கிப்போயிருந்தார். இரண்டு பேர் போயும் ஒரு காதுகூட அங்கே இருக்கவில்லை.

சாவித்ரி நல்லவள். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நல்லவர்களிடம் மாட்டிக்கொள்கிற கஷ்டம் தனிக் கஷ்டம். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் நிர்வாகப் பிரிவை ஆட்டிப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றவள். திருமுல்கேரியில் அவர்கள் குடியிருந்த காலனியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ரசம் போகும், யாருக்கு மூட்டுவலி என்றாலும் தைலம் போகும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களும் கடைசியில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனார்கள். மகள் மஹதி தள்ளியிருக்கும் குகட்பள்ளிக்குக் குடிபோனதற்கு அலுவலகம் பக்கம் என்பது மட்டும்தான் காரணமா என்று ஜகதீசனுக்கே சந்தேகம் உண்டு. ஆனால் வாயைத் திறக்க மாட்டார்.

அவர்களுக்குக் கிடைத்த பிள்ளை நஸ்ரின். பத்து வயது. ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா ஒரு கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அம்மா ஷாஹீன்தான் மகளை ஒவ்வொரு முறையும் பஸ் பிடித்து அழைத்து வருவாள். முதல் நாள் சாவித்ரி ரத்தம் ஏற்றும் வார்டுக்குள் நுழைந்தபோது நஸ்ரின் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வெளிறிய முகத்தை சாவித்ரி ஒருமுறை பார்த்ததுதான். இந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஊற வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

கொல்லையில் முருங்கை மரம் காடாய் வளர்ந்து கிடந்தது. கீரையை நிழலில் உலர்த்தி, எள்ளும் மிளகும் வறுத்துச் சேர்த்துப் பொடி செய்தாள். கேழ்வரகு மாவில் கீரையை அள்ளிப் போட்டு அடை தட்டினாள். எள்ளுருண்டை, வெல்லத்தில் ஊறிய பேரீச்சம்பழம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு புது அயிட்டம். வார்டுக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்று போர்டு தொங்கியது. சாவித்ரி அதை மதித்தாள், தன் வழியில். டப்பாவை யாரும் பார்க்காமல் ஷாஹீனின் பைக்குள் இறக்கிவிட்டு, “வீட்ல போய் சாப்பிடச் சொல்லும்மா. தினமும். மறக்கக் கூடாது” என்பாள். ஷாஹீன் ஒரு நிமிடம் மகளைப் பார்ப்பாள். மகள் அம்மாவைப் பார்ப்பாள். பிறகு டப்பா பைக்குள் போய்விடும்.

“போன தடவை குடுத்ததை சாப்பிட்டியாடா கண்ணு?”

“ஹவ், ஆன்ட்டி.” ஹைதராபாத்தில் ‘ஹவ்’ என்றால் ஆமாம்.

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நல்லா, ஆன்ட்டி.”

இந்தத் தமிழும் சாவித்ரி சொல்லிக்கொடுத்ததுதான். திரும்பி வரும் டப்பாவும் வெறுமனே வராது. ஷாஹீன் அதில் நாலு பிஸ்கட்டோ, ஒரு கை சேமியாவோ போட்டுத்தான் தருவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சாவித்ரிக்கு உள்ளம் குளிர்ந்துபோகும். அதைவிடப் பெரிய ஆதாரம் நஸ்ரினின் முகம். காலையில் சுண்ணாம்பாக வருகிறவள் மாலையில் கன்னம் சிவந்து கிளம்புவாள். ஒரு பை ரத்தம் உள்ளே போனால் யாருக்கும் முகம் தெளியத்தான் செய்யும். அந்தப் பெருமையை முழுக்க சாவித்ரி முருங்கைக்கீரைக்குக் கொடுத்துவிட்டாள்.

தீபாவளிக்கு முன் தொடங்கிய இந்த ஏற்பாடு கோடை வரை ஓடியது. சாவித்ரியின் நாட்கள் நஸ்ரினைச் சுற்றியே அமைந்துவிட்டன. ரத்தம் ஏறும் அந்த நாலைந்து மணி நேரத்தில் இருவரும் பரமபதம் ஆடுவார்கள், பக்கத்துக் கட்டில் பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள், நர்ஸ் அதட்டுகிற மாதிரி நஸ்ரின் நடித்துக் காட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் சாவித்ரி அதையெல்லாம் ஜகதீசனுக்கு நடித்துக் காட்டுவாள். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. அதை அவளே வாய்விட்டுச் சொன்னாள்.

மே மாதத்தில் ஒருநாள் ரோஸ்லின் கட்டிலருகே வந்து நின்றாள். ஷாஹீன் அப்போது மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள்.

“நஸ்ரின், இந்தத் தடவை டெஸ்ட்ல இரும்புச்சத்து ரொம்ப ஏறியிருக்கே. மாத்திரை ஒழுங்கா போடுறியா?”

“ஹவ்.”

“அப்புறம் எப்படி? வீட்டுல என்ன சாப்பிடுற?”

சாவித்ரி முந்திக்கொண்டாள். தமிழ் பேசுகிற பெண் வேறு, பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது? “அது நம்ம கைவண்ணம் ரோஸ்லின்! முருங்கைக்கீரைப் பொடி, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், ஒண்ணு விடல. தீபாவளிலேர்ந்து குடுக்கறேன். ஏறாம என்ன செய்யும்?”

ரோஸ்லினின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“மேடம், அன்னைக்குக் கூட்டத்துல சொன்னேனே. இவங்களுக்கு இரும்பு குறைச்சல் இல்ல, மேடம். கூடுதல். ஏத்துற ஒவ்வொரு பை ரத்தத்துலயும் இரும்பு உள்ள போகுது, வெளிய வர வழி கிடையாது. ஈரல்லயும் இதயத்துலயும் போய் உக்காந்துக்கும். அதை வெளியேத்தத்தானே நீங்க மாசாமாசம் மாத்திரை வாங்கிக் குடுக்கீங்க?”

சாவித்ரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு கையால் மருந்து, மறு கையால் அந்த மருந்து எதை வெளியேற்றுகிறதோ அதையே ஊட்டியிருக்கிறாள்.

“நீ அதெல்லாம் சாப்பிட்டியா?” என்று ரோஸ்லின் நஸ்ரினிடம் கேட்டாள்.

நஸ்ரின் போர்வையின் ஓரத்தைத் திருகினாள். ஒருமுறை நிமிர்ந்து சாவித்ரியைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு, “ஹவ்” என்றாள்.

“மேடம், சாப்பாட்டுல மட்டுமே இவ்வளவு ஏறாது, வேற காரணமும் இருக்கும், டாக்டர் பாப்பாங்க” என்று ரோஸ்லின் சொன்னது சாவித்ரியின் காதில் ஏறவில்லை. இந்தமுறை மனம் சமையலறைக்குப் போகவில்லை. அந்தப் பிள்ளையின் ஈரலுக்குப் போயிருந்தது. ஷாஹீன் படியேறி வருவதற்குள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டுக்கு வந்து அழுதாள். ஜகதீசன் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைக் கூட்டி வைத்தார், ஒன்றும் பலிக்கவில்லை. அவர் வேலை பார்த்த காலமெல்லாம் ராடார் பாகங்களைத் தரச் சோதனை செய்தவர். “ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது சாவித்ரி. போய்க் கேட்டாத்தானே தெரியும்” என்றார்.

“என்னத்தைக் கேக்கறது? உங்க பொண்ணுக்கு நான் ஊட்டின விஷம் எந்த அளவுக்கு எறங்கியிருக்குன்னா? நான் இனிமே அந்தப் பக்கம் போகமாட்டேங்க. மருந்துக்கு வழக்கம்போல பணம் போகட்டும். நான் போகலை. அந்த மரத்தை முதல்ல வெட்டச் சொல்லுங்க.”

மரம் தப்பித்தது, ஜகதீசன் வேண்டுமென்றே ஆளைத் தேடாமல் இருந்ததால். ஆனால் சாவித்ரி சொன்னபடியே செய்தாள். அடுத்த ரத்தம் ஏற்றும் நாளில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்தாள். இந்நேரம் ஊசி போட்டிருப்பார்கள், இந்நேரம் பாதிப் பை ஏறியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்நேரம் அந்தப் பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஷாஹீன் திரும்பத் திரும்ப போன் செய்தாள். சாவித்ரி எடுக்கவில்லை. திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள். திட்டு வாங்கவும் தெம்பில்லை.

மறுநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது போன் மறுபடி அடித்தது. ஜகதீசன் எடுத்துப் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

“ஞாயித்துக்கிழமை நஸ்ரின் வீட்டுக்கு வர்றோம்னு சொல்லிட்டேன்.”

“யாரைக் கேட்டு சொன்னீங்க?”

“யாரையும் கேக்கல. புடவை எது கட்டிக்கறேன்னு மட்டும் சொல்லு, ஆட்டோவை எத்தனை மணிக்கு வரச்சொல்றதுன்னு பாக்கறேன்.”

சாவித்ரி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றாள்.

ஜீடிமெட்லாவில் ஆட்டோ சந்துக்குள் திரும்பியதும் மாத்திரை வாடை மூக்கில் ஏறியது. நஸ்ரினின் வீடு மாடியில், இரண்டு அறை, வாசலில் பூப்போட்ட திரை. ஷாஹீன் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். நஸ்ரின் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். பாதங்கள் மட்டும் தெரிந்தன. சாவித்ரி உட்காரவில்லை. வழியெல்லாம் உருதுவில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். அவளுடைய உருதுவில் பாதி தமிழாகத்தான் இருக்கும், அழுகை சேர்ந்ததும் மீதியும் போய்விட்டது.

“ஷாஹீன், மாஃப் கரோ. மைனே பச்சி கோ… நான் உன் பொண்ணுக்கு ஜஹர் குடுத்துட்டேன்.”

“ஜஹரா?” ஷாஹீன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஜஹர் என்றால் விஷம். “கைக்கு அப்படிச் சொல்றீங்க?” ‘கைக்கு’ என்றால் அங்கே ஏன்.

ஜகதீசன் குறுக்கே வந்து, முருங்கைக்கீரை, இரும்புச்சத்து, ரோஸ்லின் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னார். கேட்கக் கேட்க ஷாஹீனின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவே நேரம் பிடித்தது.

அவள் ஹைதராபாத் உருதுவான தக்கணியில் மளமளவென்று சொன்னதன் சுருக்கம் இதுதான். நஸ்ரின் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் பாடம். பக்கத்து வீட்டில் ஈரல் வறுவல் கொடுத்தால்கூடத் தொடமாட்டாள். இரும்பு ஏறியதற்குக் காரணத்தை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளை மளமளவென்று வளர்ந்துவிட்டாள், எடை கூடிவிட்டது, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே நின்றுபோயிருந்தது. இப்போது கூட்டிக் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லத்தான் அத்தனை போன்.

“ஐயோ, நீங்க எடுக்கவே இல்லயே ஆன்ட்டி!”

சாவித்ரி அப்போதுதான் உட்கார்ந்தாள். மூச்சு முழுதாக வந்தது. நஸ்ரினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு எதைக் கேட்டாலும் அவள் அந்த நிமிடம் தந்திருப்பாள். பிறகு மெதுவாக அடுத்த யோசனை வந்தது.

“அப்ப அத்தனை டப்பாவும் எங்க போச்சு?”

ஷாஹீன் மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, “பத்மஜா!” என்று குரல் கொடுத்தாள். கீழ் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் தோளில் கைக்குழந்தையோடு படியேறி வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று, கன்னமும் தொடையுமாக இருந்தது. பத்மஜா கர்ப்பமாக இருந்தபோது ரத்தம் மிகவும் குறைந்துபோய், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுத்தார்களாம். போட்டால் வாந்தி. சூடான சோற்றில் அந்தப் பொடியைப் போட்டு நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டால் மட்டும் வாந்தி வரவில்லையாம். பேரீச்சம்பழத்தை ஒளித்துவைத்துத் தின்றிருக்கிறாள்.

“முனகாக்கு ஆன்ட்டி மீரேனா?” என்று கேட்டாள் பத்மஜா. முருங்கைக்கீரை ஆன்ட்டி நீங்கள்தானா என்று தெலுங்கில். இந்தச் சந்தில் தனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது சாவித்ரிக்கு அன்றுதான் தெரிந்தது. பத்மஜா கேட்காமலே குழந்தையை அவள் மடியில் போட்டாள். குழந்தை சாவித்ரியின் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது.

ஜகதீசன் உரக்கச் சிரித்தார். சாவித்ரியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த இடத்தில் ஒரு வலி மிச்சம் இருந்தது. திரைக்குக் கீழே தெரிந்த பாதங்களைப் பார்த்தாள்.

“நஸ்ரின், இங்க வாடா.”

வந்தாள். சுவரோடு ஒட்டி நின்றாள்.

“எனக்கு இது ஆகாது ஆன்ட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ரோஸ்லின் கேட்டப்பக்கூட சாப்பிட்டேன்னு சொன்னியே, கைக்கு?”

ஷாஹீன்தான் சொன்னாள். சாவித்ரிக்கு முன்னால் நஸ்ரினுக்கு உதவியவர் திருமுல்கேரி ராணுவக் குடியிருப்பில் இருந்த ஒரு அதிகாரி. ஒரு ஈத் பண்டிகைக்கு மஞ்சள் பாவாடை வாங்கி வந்தார். இவள் நக்கோ என்றுவிட்டாள், மஞ்சள் வேண்டாமென்று. அடுத்த மாதம் அவருக்கு ஜோத்பூருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். ராணுவத்தில் மாற்றல் எல்லோருக்கும் வருவதுதான். எத்தனை சொல்லியும் இவள் நம்பவில்லை.

“நக்கோ சொன்னேன். அங்கிள் வரல்ல” என்றாள் நஸ்ரின், சாவித்ரியின் முகத்தைப் பார்க்காமல். “உங்களுக்கும் நக்கோ சொன்னா நீங்களும் வரமாட்டீங்க.”

அவ்வளவு பெரிய ஊசியை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிற பெண், ஓர் எள்ளுருண்டையை மறுக்கப் பயந்திருக்கிறாள். கொடுக்கிறவர் மனம் கோணாமல் வாங்கிக்கொள்வதையும் தன் வைத்தியத்தில் ஒன்றாக அந்தப் பிள்ளை சேர்த்துக்கொண்டிருக்கிறது. தான் போகாமல் இருந்த அன்று அவள் என்ன நினைத்திருப்பாள் என்பதும் சாவித்ரிக்குத் தெரிந்துபோயிற்று. குட்டு வெளிப்பட்டுவிட்டது, அதனால்தான் ஆன்ட்டி வரவில்லை. வேறென்ன நினைத்திருக்க முடியும்? மடியில் இருந்த குழந்தையை ஜகதீசனிடம் கொடுத்துவிட்டு நஸ்ரினை இழுத்து அணைத்துக்கொண்டாள். சமாதானமாக நாலு வார்த்தை சொல்ல நினைத்து, விட்டுவிட்டாள். எப்படியும் இந்தப் பெண் வார்த்தையை நம்புகிறவள் இல்லை.

அடுத்த முறை சாவித்ரி எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். எதெல்லாம் கொடுக்கலாம் என்று ரோஸ்லினிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு, பகிரங்கமாகவே ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். உள்ளே தயிர்சாதம், கடுகு தாளித்து. ஊசிக்கு இன்னும் நேரம் இருந்தது. வராந்தா பெஞ்சில் வைத்துத் திறந்து, கரண்டியை நஸ்ரின் கையில் கொடுத்தாள்.

நஸ்ரின் ஒரு வாய் வாங்கினாள். மெல்ல மென்று விழுங்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். ஷாஹீன் பின்னாலிருந்து அவள் முதுகில் லேசாகக் கிள்ளியதை சாவித்ரி பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

நஸ்ரின் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக சாவித்ரியைப் பார்த்தாள். ஊசிக்குக்கூட அசையாத உதடு இப்போது கொஞ்சம் நடுங்கியது.

“நக்கோ, ஆன்ட்டி.”

“நக்கோவா?”

“நக்கோ. புளிக்குது.”

சாவித்ரி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். பல் கூசும் புளிப்பு. ஹைதராபாத் வெயிலில் தயிர் காலைக்குள் பழிவாங்கியிருந்தது. “அடக் கண்றாவியே!” என்றாள். டப்பாவை மூடிப் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். சந்தோஷம் அவள் முகத்தில் கொள்ளவில்லை. தன் சமையலை ஒருத்தி வேண்டாம் என்றதற்கு அவள் இப்படிப் பூரித்துப்போனதை மஹதி பார்த்திருந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாள்.

நஸ்ரின் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தாள். ஆன்ட்டி எழுந்து போகவில்லை. கோபிக்கவில்லை. பிறகு கட்டிலில் படுத்து, ஊசி ஏறி, ரத்தம் சொட்டத் தொடங்கிய பின் அவளுக்குத் தைரியம் முழுதாக வந்துவிட்டது.

“போர்வை போத்தி விடட்டுமா?”

“நக்கோ.”

“பரமபதம் ஆடலாமா?”

“நக்கோ.”

“தலை வாரி விடட்டுமா? ரெட்டைப் பின்னல்?”

“நக்கோ, நக்கோ!” ஒவ்வொரு நக்கோவுக்கும் நஸ்ரினுக்குச் சிரிப்பு பொங்கியது. பக்கத்துக் கட்டில் பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. நர்ஸ் வந்து கையை ஆட்டாதே என்று அதட்டிவிட்டுப் போனாள்.

சாவித்ரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, “எல்லாம் நக்கோன்னா எனக்கு இங்க என்ன வேலை? அப்ப நான் கெளம்பட்டுமா?” என்றாள்.

நஸ்ரின் ஊசி இல்லாத கையால் அவள் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்தாள்.

“நக்கோ” என்றாள்.